முப்பத்திரண்டு பட்டாம்பூச்சிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் இந்த வேலையில் போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்றாம் வகுப்புச் சுவரில் முப்பத்திரண்டு பட்டாம்பூச்சிகள், எல்லாம் ஒரே அச்சு. டீச்சர் வரைந்து கொடுத்ததற்குப் பிள்ளைகள் வண்ணம் மட்டும் தீட்டியிருந்தார்கள். ‘படைப்பாற்றல் பயிற்சி முடிந்தது’ என்ற படிவத்தைத் தலைமையாசிரியர் என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்தைப் போடுங்கம்மா. ஊரோட ஒத்துப் போகணும்.”

“இதுக்குப் போட மாட்டேன் சார்.”

“அப்ப உங்க வேலையை நீட்டிக்க நானும் போட மாட்டேன்.”

“சரி சார், ரெண்டு பேருக்கும் மை மிச்சம்.”

பக்கத்தில் நின்ற டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் போனால் சுவர் காலி. அவரே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு வெள்ளைத்தாள் கொடுத்திருந்தார். ஒரு சிறுமி ஓட்டை விழுந்த இலையை மட்டும் வரைந்திருந்தாள்.

“பட்டாம்பூச்சி எங்கடி?” என்று கேட்டேன்.

“அது இன்னும் புழுதான் மிஸ். இதைத் தின்னுட்டு அடுத்த இலைக்குப் போயிடுச்சு.”

அந்த டீச்சர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் கசக்காமல் சுற்றுங்கள், அதையும் படிப்பேன். இரண்டு தாளாகச் சுற்றினாலும் சரி.

மாதக் கடைசியில் வேலை இருக்குமோ, தெரியாது. ‘வந்துவிடு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் படிவம் கையெழுத்தில்லாமல் என் பையில் இருக்கிறது. மணி அடித்துவிட்டது, அந்த மூன்றாம் வகுப்புக்குத்தான் போகிறேன்.

உங்கள் மகள்