டைகரின் வால் மட்டும் தெரியும் போட்டோ

வாடிப்பட்டி,
27-1-85, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது. குலசாமி புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நீ மார்கழியில் போட்ட கடிதம் போகிக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று படிக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, பெரியப்பா செத்துப்போனதையே ஒரு மாதம் கழித்துத்தானே எழுதினீர்கள், அதனால் இந்தப் பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் நம் நாய்கள் வெள்ளச்சியையும் டைகரையும் பக்கத்தில் வைத்து ஒரு கலர் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று எழுதியிருந்தாய். போட்டோ இத்துடன் இருக்கிறது. உறையைப் பிரித்ததும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பாய். நர்சு கண்ணுக்கு எது முதலில் பட்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள் தாயி.

ஆவணி மாதம் நம் கிணற்று ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது பெல்ட் நழுவுகிறதே என்று கையால் தள்ளிவிடப் போனேன். நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. இருபது வருஷமாக நான் ஓட்டுகிற இன்ஜின்தானே என்ற திமிர், வேறென்ன. இடது கையில் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும் போய்விட்டன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தேன், நல்லபடியாகப் பார்த்தார்கள், புண் ஆறிவிட்டது, சீழ் வைக்கவில்லை, சர்க்கரையும் இல்லை. நீ கேட்கப்போகிற மற்ற கேள்விகளுக்கெல்லாம் உன்னோடு படித்த நாகமணி தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள்தான் அந்த வார்டில் டூட்டியில் இருந்தாள். உனக்கு எழுதக்கூடாது என்று உன் அம்மா அவளிடம் மீனாட்சி மேல் சத்தியம் வாங்கிவிட்டாள், பாவம் அந்தப் பிள்ளை மேல் கோபப்படாதே. ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். பம்பாயில் நீ வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று தந்தி கொடுத்தோம், லீவு கிடைக்கவில்லை என்று வேலையையே உதறிவிட்டு ரயிலேறி வந்து நின்றாய். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ வேலையில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்தவன் நான். இப்போது மஸ்கட் ஒப்பந்தம் ஆனியில் முடிகிறது, நடுவில் விட்டுவிட்டு வந்தால் மறுபடி சேர்க்க மாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே ஆனி வரைக்கும் மூச்சு விடுவதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். அப்போதுதான் நீ போட்டோ கேட்டு எழுதினாய்.

அனுப்பாவிட்டால் சந்தேகப்படுவாய், அனுப்பினால் கை தெரிந்துவிடும். யோசனை சொன்னது உன் அம்மா. டைகரை ஒரு ஸ்டூலில் ஏற்றி எனக்கு இடது பக்கம் உட்காரவைத்து, நான் அவனை அணைத்துக்கொண்ட மாதிரி கையை அவன் முதுகுக்குப் பின்னால் கொடுத்துவிட்டால் எந்த டாக்டருக்கும் தெரியாது என்றாள். நாலு நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. உன் அம்மா நெல் அளக்கிற படியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு போட்டோக்காரராக நின்றாள், டைகர் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு துண்டு கருவாடு. கருவாடு என்றால் அவன் கலெக்டர் மாதிரி உட்காருகிறான். வெள்ளச்சிக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை, அவள் என் காலடியில் படுத்தால் படுத்ததுதான். எல்லாவற்றையும் பழக்கினோம், பிளாஷ் என்று ஒரு வெளிச்சம் அடிக்கும் என்பதை மட்டும் நாங்கள் யாரும் நினைக்கவில்லை. தீபாவளிக்கு ஊசி வெடி போட்டாலே தொழுவத்துக்குள் ஓடிப்போய் மாட்டுக்கு அடியில் ஒளிகிறவனுக்குத்தான் நீ டைகர் என்று பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இங்கே உள்ள ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளை மட்டும்தான், கலருக்கு மதுரைக்குத்தான் போகவேண்டும், பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆகவே உன் மாமன் விருமாண்டியிடம் வாழைத்தார் ஏற்றுகிற டெம்போவைக் கேட்டேன். மச்சான், இதுல நாயை ஏத்துனேன்னு தெரிஞ்சா மார்க்கெட்ல எவன் என்கிட்ட தார் வாங்குவான் என்று சலித்துக்கொண்டான், ஆனாலும் அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் கிளம்பினோம். முதல் நாள் மாடு குளிப்பாட்டும்போது நாய்களையும் குளிப்பாட்டியாகிவிட்டது, டைகர் மட்டும் வர்ணம் காயாத கொம்பில் உரசி ஒரு காதைப் பச்சையாக்கிக்கொண்டான், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. வழியெல்லாம் வெள்ளச்சி டெம்போ ஓரத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள், டைகர் அவள் வயிற்றுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு வந்தான்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்கு அந்தப் பக்கம் காதர் மைதீன் என்பவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், விருமாண்டிக்குப் பழக்கம். பொங்கல் லீவு என்பதால் புது மாப்பிள்ளை பெண்ணும் பிள்ளை குட்டிகளுமாக வாசல் வரைக்கும் கூட்டம். நாய்களைப் பார்த்ததும் பிள்ளைகள் வரிசையைக் கலைத்துவிட்டன. காதர் பாய் தங்கமான மனுஷன். அண்ணே, கல்யாணம் எடுத்திருக்கேன், காதுகுத்து எடுத்திருக்கேன், நாய் இதுவரைக்கும் எடுத்ததில்ல, எடுத்துப் பாப்போம் வாங்க என்று பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து உள்ளே கூப்பிட்டார். பின்னால் மாளிகையும் குளமும் வரைந்த திரை, குளத்தில் இரண்டு அன்னம். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், டைகர் ஸ்டூலில் ஏறினான், நான் கையை அவன் பின்னால் மறைத்தேன். உன் அம்மா மடியில் கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு எனக்கு வலது பக்கம் நின்றாள். பாய் மூக்கைச் சுளித்து, அக்கா, இங்கிட்டு என்ன வாடை வருது என்று கேட்டார். போட்டோவுல வாடை விழுகாதுல்ல அண்ணே, நீங்க எடுங்க என்றாள் இவள்.

பிளாஷ் அடித்ததுதான் தாமதம். டைகர் ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு ஒரே தாவு. திரை கட்டியிருந்த கம்பு சாய்ந்து மாளிகை உன் அம்மா தலைக்கு மேல் வந்துவிட்டது. அவள் பயத்தில் கருவாட்டைக் கையில் எடுத்து டைகர் டைகர் என்று கத்துகிறாள், அவன் காதில் எங்கே விழப்போகிறது, அறையை ஒரு சுற்றுச் சுற்றி வாசலைப் பார்த்து ஓடி வருகிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே கோரிப்பாளையம் முக்கு, திருவிழாக் கூட்டம் மாதிரி பஸ்ஸும் லாரியும் திரும்புகிற இடம், பிள்ளைகள் வேறு கத்திக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கிவிட்டன. தெருவில் இறங்கினான் என்றால் சக்கரத்துக்கு அடியில்தான். எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்து அவன் என்னைத் தாண்டும்போது கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். அவன் இழுத்த இழுப்பில் முழங்காலில் விழுந்தேன், ஆனால் விடவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டாவது பிளாஷும் அடித்தது. ஏன் பாய் அமுக்கினீர்கள் என்று கேட்டதற்கு, சத்தியமா நான் அமுக்கல அண்ணே, பதட்டத்துல கை தன்னால அமுக்கிருச்சு என்று மனுஷன் கும்பிடாத குறை. பிறகு விருமாண்டி இரண்டு நாய்களையும் டெம்போவில் கொண்டுபோய்க் கட்டினான். நாங்கள் இரண்டு பேர் மட்டும், என் கைமேல் துண்டைப் போட்டு ஒழுங்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

எட்டு நாள் கழித்து விருமாண்டி பிரிண்டுகளை வாங்கி வந்தான். முதல் போட்டோ வெளிச்சத்தில் வெளுத்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டது, பாய் அதற்குக் காசு வாங்கவில்லை. மற்ற இரண்டும் வந்தன. துண்டு போட்ட போட்டோவில் நானும் உன் அம்மாவும் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கிறோம். இன்னொன்று உன் கையில் இருப்பது. வெள்ளச்சி மட்டும்தான் அதில் ஒழுங்காகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா வாயைத் திறந்தபடி கருவாட்டோடு நிற்கிறாள். டைகருக்கு வாலும் பின்னங்காலும் கழுத்துப்பட்டையும்தான், தலை எனக்குப் பின்னால் போய்விட்டது. நடுவில் என் இடது கை, துளி மறைப்பில்லாமல். இதைப் பார்த்ததும் உன் அம்மா அழுதாள். நல்ல போட்டோவையே அனுப்புவோங்க, நாயை உள்ள விட மாட்டேன்னுட்டாகன்னு எழுதிப்புட்டா முடிஞ்சு போச்சு என்றாள். விருமாண்டி, கத்திரிக்கோலைக் குடு மச்சான், கையை மட்டும் நறுக்கிப்புடுவோம் என்றான். ஒரு தடவை நறுக்கியது போதும் மாப்ள என்றேன்.

இரண்டு பேரும் போன பிறகு நான் அந்தப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன, இந்த ஐந்து மாதத்தில் அந்தக் கையை நான் நேராகப் பார்த்ததில்லை. குளிக்கும்போது கூட வேறெங்கோ பார்த்துக்கொள்வேன். டீக்கடைக்குப் போவதை விட்டேன், இரண்டு கல்யாணத்துக்கு உன் அம்மாவை மட்டும் அனுப்பினேன், தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்துவிட்டு இன்ஜின் பக்கமே போகவில்லை. வெட்கம்தான் தாயி, வேறொன்றும் இல்லை. நாகமணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னாள், நான் அதை டைகருக்குப் போட்டுவிட்டேன். இனி இந்தக் கை எதற்கும் ஆகாது என்று முடிவே கட்டியிருந்தேன். போட்டோவில் பார்த்தால், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டைக்குள் நுழைந்து இடுக்கி மாதிரி பிடித்திருக்கின்றன. அந்தத் தடி நாய் முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கிறது, முழங்கை வரைக்கும் எனக்கு நரம்பு புடைத்து நிற்கிறது. வலது கை சும்மா தரையில் ஊன்றியிருக்கிறது. அவசரத்தில் எந்தக் கை நீண்டது என்று எனக்கே அன்று தெரியவில்லை, போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ கை பார்த்திருப்பாய், இதையும் நன்றாகப் பார்.

நல்லதாக இருக்கிற போட்டோவை அனுப்பினால் உன்னை ஏமாற்றியதாகும், இதை அனுப்பினால் பதறுவாய், இரண்டையும் நினைத்துத்தான் இதை அனுப்புகிறேன். மறைத்தது தப்பு. நாலு பக்கம் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் பெட்டியைக் கட்டாதே. பொய் சொல்லி உன்னை அங்கே இருக்கச் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அது நியாயம். உண்மையைச் சொல்லிவிட்டு இருக்கச் சொல்கிறேன், இதைக் கேட்க வேண்டும். முந்தாநாள் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் இறைத்துப் பார்த்தேன், முதல் வாளி கயிறு நழுவிப் போய்விட்டது, இரண்டாவது மேலே வந்தது. வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ரப்பர் பந்தையும் டைகரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன், பாதியைக் கடித்திருக்கிறான், மீதி போதும்.

மற்றபடி செவலைப் பசு தைக்கு முன்னாலேயே கிடேரி கன்று போட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிற்கப்போகிறது, அறுப்பு அடுத்த வாரம். நைட் டூட்டி முடித்துவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் படு. வெளியே போனால் உடன் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு சேர்ந்தே போய் வா. நம் குலசாமி உனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும், உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. ஆனி மாதம் வரும்போது மறக்காமல் டைகருக்கு ஒரு நல்ல தோல் பட்டை வாங்கி வா, இருப்பது தையல் விட்டுவிட்டது. உன் அம்மா தனியாக எழுதுகிறேன் என்கிறாள், எழுதுவாளோ அழுவாளோ தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஆவணியிலிருந்து உனக்கு நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் தாள் நகராமல் உன் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அவள் இப்போது கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இதை நானே பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
மொ. பேயாண்டி.