பெரட்டுக் களத்துச் சிப்பாய்

ராகலை, 12.6.1957

அன்புள்ள அஞ்சலைக்கு, உன் அண்ணன் வீரப்பன் எழுதுவது. நான் சுகம். துறையூரில் உன் மூட்டுவலியும் பிள்ளைகளும் எப்படி?

விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் கூப்பிட எங்களை நிறுத்துகிற பெரட்டு, பட்டாளத்துச் சொல்லாம். சிப்பாய்களை வரிசையில் நிறுத்துவதற்கு இங்கிலீஷில் ‘பரேட்’ என்று பேராம். தம்பிஐயா வாத்தியார் சொன்னார். இருபது வருஷமாகத் துப்பாக்கி இல்லாத சிப்பாயாக இருந்திருக்கிறேன், பார்.

நேற்று லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக் காளியாயி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி ஓடிவந்தாள். “இன்னைக்கு வேலை இல்ல, லயத்துக்குப் போ” என்றார் கணக்கப்பிள்ளை. அஞ்சாம் வகுப்புப் படித்த என் வாய் சும்மா இருக்குமா?

“பட்டாளச் சட்டமுன்னா எங்களுக்குப் பூட்ஸ் எங்கங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“உன் பேரையும் வெட்டவா?”

“வெட்டுங்க. அவ பேரப் போடுற வரைக்கும் யாரும் மலைக்கு ஏறமாட்டோம்.”

 ஒருத்தியும் கூடையைத் தூக்கவில்லை. வெயில் ஏறியபின் கணக்கப்பிள்ளை காளியாயி பேரைப் போட்டார். இப்போது என்னை முறைத்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

கொஞ்சம் வடகம் அனுப்பு. சின்னவள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கத்தான், வேறொன்றுமில்லை.

பெரட்டுக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடிக்கிறார்கள், ஓடுகிறேன். நான் பிந்தினால் காளியாயி எனக்காகச் சண்டைக்கு நிற்பாள்.

வீரப்பன்