செதில் செதிலாக அவருடைய முகம்

அன்புள்ள அட்சயா,

இங்கே ஸ்காபரோவில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், ஹலிஃபக்ஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன கிழமை தொலைபேசியில் கேட்ட இருமல் விட்டதா? அப்பா இப்போது விட்பிக்கு வேலைக்குப் போகிறார், 401 நெடுஞ்சாலையில் போகும் நேரமெல்லாம் யாரையாவது திட்டுவதால் மனம் லேசாகிறதாம். எனக்குத் திட்டித் தீர்க்கத் தெரியாது, சேர்த்து வைக்கத்தான் தெரியும். சேர்த்து வைத்தது என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன், தொலைபேசியில் சொன்னால் "விடுங்கோ அம்மா" என்று வெட்டிவிடுவாய்.

வீடு விற்றுக்கொடுக்கும் அன்புராசாவை நீ மறந்திருக்க மாட்டாய். பதினாறு வயதில் மோர்னிங்சைட் கடைத்தொகுதியின் பின்சுவரில், பக்கத்து ஓடையில் இலையுதிர் காலத்தில் முட்டையிட ஏறிவரும் சமன் மீன்களை இரண்டு மாதம் ஏணியில் நின்று வரைந்தாய். அவர் அந்தக் கட்டடத்தை வாங்கிய கிழமையே சுவருக்கு வெள்ளையடித்துத் தன் விளம்பரப் படத்தை மாட்டினார். கேட்கப்போன என்னிடம், நீயும் பக்கத்தில் நிற்க, "உந்த மீனைப் பாத்து ஆர் தங்கச்சி வீடு வாங்கப்போகினம்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நீ தூரிகையைத் தொடவேயில்லை. ஆறு வருடம்.

இந்த வசந்தத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுடன் அந்த ஓடையைத் துப்புரவாக்கப் போனேன், பொறுக்கும் குப்பையைக் கொண்டே ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஏதாவது செய்வதாகத் திட்டம். கல்லிடுக்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு விற்ற பிறகும் முற்றத்தில் கழற்றாமல் விட்ட, அவர் முகம் போட்ட பிளாஸ்டிக் விளம்பர அட்டைகள், காற்றோடும் பனி உருகிய வெள்ளத்தோடும் வந்து சேர்ந்தவை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகள் மீன்களுக்காகக் கவலைப்பட்டார்கள், நான் இன்னும் கிடைக்காதா என்று தேடினேன்.

முகம் தெரியும்படி வெட்டி ஒவ்வொன்றையும் செதிலாக்கிப் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு சமன் மீன் செய்தோம். அவரைப் பிரதம விருந்தினராக அழைக்கச் சொன்னதும் நான்தான். பொன்னாடை போர்த்தினோம். மீனைக் கண்டதும் மனிதர் பூரித்துப்போய் "என்ர முகத்துக்கு இவ்வளவு மரியாதையோ!" என்று அதன் முன் நின்று படமெடுத்து அப்போதே முகநூலில் போட்டுவிட்டார். பிறகு வகுப்பில் படிக்கும் இஸ்ரத் ஒலிவாங்கியைப் பிடித்து, நான் எழுதிக்கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னாள்: "மீன் முட்டை போடுற இடத்தில இருந்து அங்கிள்ர அட்டை நூற்றெட்டு எடுத்தனாங்கள். இன்னும் கிடக்கு. வாற சனி வாங்கோ அங்கிள், பூட்ஸ் நாங்கள் தாறம்." மண்டபமே சிரித்தது. அவர் பொன்னாடையைக் கழற்றி மடித்தார், மறுபடியும் மடித்தார். முகநூல் படத்தை அழிப்பதற்குள் பாதி ஸ்காபரோ பார்த்துவிட்டது.

இரண்டு நாளில் தொலைபேசி எடுத்தார். "சுவரைத் தாறன் தங்கச்சி, பிள்ளையை வந்து கீறச் சொல்லுங்கோ, இதோட விடுவம்" என்றார். கீறினவளிடமே கையால் எழுதிக் கேளுங்கள் என்று உன் முகவரியைக் கொடுத்தேன். கடிதம் வந்தால் உடனே பதில் போடாதே, அந்த வெள்ளைச் சுவரை அவரும் கொஞ்சக் காலம் பார்க்கட்டும். மன்னிப்பது உன் விருப்பம் மகள். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க முயலவும் இல்லை. ஆனால் மீன்கள் அவருடையவை அல்ல, அதனால் நீ வரைய வேண்டும்.

பார்சலில் மிளகாய்த்தூளுக்குக் கீழே உன் தூரிகைகள் இருக்கின்றன. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும் உறுதியான கையையும் தரட்டும். சாயம் குழைக்கத் தட்டு மட்டும் வாங்காதே. அதற்கென்று அவருடைய அட்டை ஒன்றை வெட்டாமல் வைத்திருக்கிறேன், முகப்பக்கம் மேலே.

என்றும் உன்
அம்மா