ஜாரியாவில் நீ அளந்த நிலம்

என் சக்தி கண்ணுக்கு,

நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாததற்குக் காரணம் உண்டு. உன்மேல் சுமத்திய பழியை இறக்கிவைக்காமல் உன்னோடு பேச எனக்கு முகம் இல்லை. போன வாரம்தான் விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை என் வீட்டுக்காரரை, உன் மச்சானைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்டேன். இனி எழுதலாம்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள் சாமி.

தொண்ணூற்று மூன்றில் நீ வேலைக்குக் கிளம்பினாய். கோபிசெட்டிபாளையத்தில் நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்தவன், கோயமுத்தூர் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, சுரங்க சர்வேயர் பரீட்சையும் எழுதி, பீகாரில் தன்பாத் மாவட்டத்துக்குப் போகிறேன் என்று நின்றாய். ஈரோடு ரயில் நிலையத்தில் உன் மச்சான் கேட்டார், "ஏனப்பா, அத்தன தொலவுல போயி என்னத்த அளக்கப்போற?" என்று. "பூமிக்கு உள்ளார அளக்கோணுமுங்க மச்சான். மேல ஒரு படம், கீழ ஒரு படம். ரெண்டும் ஒத்துப்போகோணும். போகலீன்னா ஆளு சாவும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பூகோளம் நடத்துகிறவள். ஜாரியா என்றால் நிலக்கரி என்று பதினைந்து வருடமாக ஒரே வரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உன் மச்சானுக்கு என்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும். அவர் மேற்பார்க்கிற ஃபவுண்டரியில் இரும்பு உருகுவதே அந்த மாவட்டத்துக் கோக் கரியில்தான். லாரி வந்து கொட்டியதும் ஒரு கட்டியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்ப்பார். "இது வல்லீன்னா நம்மூருல ஒரு பம்புசெட்டுக்கூட வராது" என்பார். அந்தக் கரி எந்த மண்ணிலிருந்து வருகிறது, யார் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் உன் கடிதங்கள் சொல்லித்தான் தெரியும்.

வாரம் ஒரு கடிதம். தாமோதர் ஆறு கரிச்சாந்து கரைத்த மாதிரி ஓடுகிறது என்று எழுதினாய். பூமிக்குள் பல காலமாகத் தீ எரிகிறது, நிலத்து வெடிப்புகளில் புகை வருகிறது, மார்கழியில் சில வீடுகளின் தரை வெதுவெதுப்பாக இருக்கும், பூனைகள் அங்கேயே படுத்துக் கிடக்கும் என்று எழுதினாய். மூட்டை மூட்டையாகக் கரி கட்டிய சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போகிற ஆட்களைப் பற்றி எழுதினாய். "அந்த சைக்கிள்ல யாரும் ஏறி ஓட்டறதே இல்லீங்கக்கா, தள்ளறது மட்டும்தான்."

இன்னொரு கடிதத்தில் அந்த ஊரின் கதையைச் சொன்னாய். வெள்ளைக்காரன் கரிக்காகவே ரயில் போட்டான். ஜமீன்தார்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். ஆளாளுக்குக் குழி தோண்டினார்கள். லாபம் தீர்ந்ததும் குழியை அப்படியே விட்டுப் போனார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது கரியோடு சேர்ந்து அந்தப் பழைய குழிகளும் வந்தன. பலவற்றுக்குச் சரியான வரைபடம் இல்லை. மழைத்தண்ணீர் நிறைந்து, இருட்டில் கிடக்கின்றன. "எனக்குப் பயமெல்லாம் கரிமேல இல்லீங்க, அந்தத் தண்ணிமேலதான்" என்று முடித்திருந்தாய்.

அதுதான் வந்தது. ஆடி மாதம் ஒரு காலை ஷிஃப்டில், கரி வெட்டிக்கொண்டிருந்த முகப்புச் சுவர் உடைந்து, பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. உன்னோடு இன்னும் பதினோரு பேர் போய்விட்டார்கள். தந்தி கிடைத்து உன் மச்சான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நாள்தான் உன்னை எடுத்தார்கள். தாமோதர் கரையிலேயே எரித்துவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து வந்த செய்தியைத்தான் தாங்க முடியவில்லை. பழைய சுரங்கத்துக்கும் புதியதுக்கும் நடுவில் போதுமான கரிச்சுவர் இருப்பதாக சர்வேயரின் படம் காட்டியது, படம் தப்பு, அதனால்தான் விபத்து என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பதினோரு பேரு ஊட்டுலயும் எம் மவன்தான் கொன்னான்னு பேசிக்குவாங்களா அம்மணி?"

அன்று பிற்பகல் உன் கடிதங்களை முழுதும் எடுத்து வைத்துப் படித்தேன். கடைசிக்கு முந்தைய கடிதத்தில் அது இருந்தது. "சுரங்கத்துக்கு மேல ஒரு கிராமம், அங்க ஒரு குளம். மழை நல்லாத்தான் பேஞ்சுது. ஆனா குளம் வத்திக்கிட்டே போவுது. தண்ணி எங்க போவுதுங்கக்கா? பழைய குழி, படத்துல காட்டுனதைவிட நம்ம பக்கம் நீண்டிருக்கோணும். ஆபீஸுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். முன்கூட்டியே துளை போட்டுப் பாக்காம வெட்டக்கூடாதுன்னு."

பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். உன் மச்சானுக்கு அந்தச் சமயம் வேலையை விட்டு வர முடியாது. "நீ போயிட்டு வா தனம். அங்க யாரு என்ன சொன்னாலும் குரல ஒசத்தாத. ஆனா எந்திரிச்சும் வந்தறாத" என்றார். சின்னப் பெண்ணாக இருந்தபோது பொழுதுபோகாமல் எழுதிய இந்திப் பரீட்சைகள் கைகொடுத்தன. என் இந்தி புத்தக இந்தி. அங்கே பேசுவது வேறு மாதிரி. பாதி புரிந்தது. மீதியை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சுரங்க அலுவலகத்தில் உன் கடிதம் எதுவும் கோப்பில் இல்லை என்றார்கள். உன் அளவுப் புத்தகம் தண்ணீரோடு போய்விட்டது என்றார்கள். டீ கொடுத்து, ஆறுதல் சொல்லி, ரயில் எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்கள்.

நான் ரயிலுக்குப் போகவில்லை. நீ எழுதியிருந்த கிராமத்தைத் தேடிப் போனேன். சந்தால் பழங்குடி ஜனங்கள் வாழும் ஊர். சுவர்களில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வயல் நடுவில் பள்ளம் விழுந்து நெல் சாய்ந்து கிடந்தது. அவர்கள் நிலத்துக்கு அடியில்தான் கரி. கரி ரயிலேறிப் போகிறது, வெடிப்பு அவர்களோடு இருந்துவிடுகிறது.

ஒரு வீட்டு வாசலில் ஃபூல்மணி என்கிற பெண் நின்றிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள் இருக்கும். அவள் புருஷன் புதன், கரி அள்ளிப் போடுகிற வேலை. அந்தப் பதினோரு பேரில் ஒருவன். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது.

"உன் தம்பி போட்ட படத்தாலதான் என் புருஷன் செத்தான். ஆபீஸ்ல சொன்னாங்க. இங்க எதுக்கு வந்த?"

உன் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. திரும்பியும் போகவில்லை. "உங்க ஊர்க் குளத்தைப் பாக்க வந்தேன்" என்றேன்.

"அதுல என்ன இருக்கு பாக்க? தண்ணியே இல்ல."

"எப்ப வத்துச்சு?"

அவள், "ஆபீஸ் பாபு ஒருத்தர் வந்து இதையேதான் கேட்டாரு" என்றாள். "மெலிசா, கண்ணாடி போட்டவரு. குளத்துல கோடு போட்ட குச்சி நட்டு வச்சாரு. வாரா வாரம் வந்து பாத்து எழுதுவாரு. எங்க ஊருக் கிழவங்களை உக்காரவச்சு, அந்தக் காலத்துல குளத்துக்கு அடியில கரி வெட்டினீங்களான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னாங்க. ஒரு தடவ என் கையில தண்ணி வாங்கிக் குடிச்சாரு."

என் பையிலிருந்து உன் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள் சக்தி.

"இவர்தானே குச்சி நட்டவரு? இவரையா சொல்றாங்க?" என்றாள். பழி சொன்னவர்கள் அவளிடம் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். முகத்தைக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு என்னை அழைத்துக்கொண்டு நடந்தது அவள்தான். சுரங்கக் குடியிருப்பில் ராம்தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ராம்தனைப் பற்றி நீ அடிக்கடி எழுதுவாய். உன்னோடு அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள். எங்களைக் கண்டதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு பிள்ளைங்க எனக்கு" என்றார்.

ஃபூல்மணி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். ஊர்ப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். கடைசியில் அவள் கதவைப் பார்த்துச் சொன்னாள், "அண்ணா, என் புருஷனும் உன்னை அண்ணான்னுதான் கூப்பிட்டான்."

கதவு திறந்தது. ராம்தன் அழுதுகொண்டே பேசினார். அன்றைக்கு உனக்குக் கீழே இறங்கும் வேலையே இல்லையாம். முகப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று நீயே அளந்து காட்டினால்தான் வெட்டுவதை நிறுத்துவார்கள் என்று போனாயாம். கூட வந்த ராம்தனைக் குழிவாயிலிலேயே நிறுத்தி, இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுத்து ஆபீஸுக்கு அனுப்பினாயாம். அவர் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர்.

"புத்தகமும் என் கையிலதான் இருந்துச்சு. ஆபீஸ்ல கேட்டப்ப தண்ணியில போச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க கையில குடுத்தா எரிச்சுப்புடுவாங்க. வெளியில குடுத்தா என் வேலை போயிடும். ரெண்டும் செய்யாம பெட்டியில வச்சிருந்தேன்" என்றார்.

அவர் எடுத்துக் கொடுத்த புத்தகத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். குளத்தின் அளவுகள், வாரவாரியாக. கிழவர்கள் சொன்னது, அவர்கள் கைநாட்டோடு. இரண்டு கடிதங்களின் கார்பன் நகல். எதையும் விடவில்லை நீ.

விபத்தைப் பற்றிய அரசாங்க விசாரணை தன்பாத்தில் நடந்தது. மூன்று முறை போய்வந்தேன். நிர்வாகத்து வக்கீல் என்னிடம் கேட்டார், "அம்மா, உங்களுக்குச் சுரங்கத்தைப் பற்றி என்ன தெரியும்?" நான், "ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் எழுதி வைத்ததைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். ஃபூல்மணி குளத்தைப் பற்றிச் சொன்னாள். ராம்தன் எழுந்து நின்று, கடிதத்தை ஆபீஸில் தன் கையால் கொடுத்ததைச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. அதற்காக அவரை ஏழெட்டு மாதம் வேகன் நிரப்புகிற இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள்.

அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? சர்வேயர் இரண்டு முறை எழுத்தில் எச்சரித்தார், அது மதிக்கப்படவில்லை என்று சொல்கிறது. உன்மேல் தப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, அதே பழைய குழியை ஒட்டி வேலை நடந்த இன்னொரு முகப்பை நிறுத்தி, உன் புத்தகத்தில் சொன்னபடி முன்துளை போடச் சொன்னார்கள். துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்ததாம். அங்கே தினம் முப்பது பேருக்கு மேல் வேலைசெய்துகொண்டிருந்தார்கள், சக்தி. அத்தனை பேரும் இன்றைக்கும் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். உன் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ராம்தன் மறுபடி சர்வே ஆபீஸுக்கே வந்துவிட்டார். ஃபூல்மணிக்குப் புருஷன் செத்ததற்கு ஈடாக வேலை கிடைத்தது. சுரங்கத்து விளக்கு அறையில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிறாள். எண்ணிக்கை ஒத்துப்போகும்வரை அறையைப் பூட்டமாட்டாளாம்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு கோபிக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். உள்ளே போய், இரண்டு வருடமாகப் பெட்டியில் வைத்திருந்த உன் போட்டோவை எடுத்து வந்தாள். "இப்ப மாட்டு" என்றாள். உன் மச்சான் ஆணி அடித்தார். மாட்டிய பிறகுதான் அழுதாள்.

இன்னும் முடியவில்லை கண்ணு. உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த வட்டாரத்துப் பழைய குழிகளின் பட்டியல் இருக்கிறது. ஏழு குழிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். இரண்டை அளந்துவிட்டார்கள். மீதி ஐந்தைப் பற்றிச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. முழுப் பரீட்சை விடுமுறைக்கு ஈரோட்டில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த முறை உன் மச்சானும் வருகிறார். ராம்தன் ஒவ்வொரு இடத்தையும் காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

அந்த ஐந்தும் அளக்கப்படும். எத்தனை கடிதம் ஆனாலும், எத்தனை தடவை போனாலும் சரி. கடைசிக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, அன்றைக்குத் தேதியையும் போட்டு, உனக்கு அடுத்த வரி எழுதுவேன். அதுவரை நான் ஓய மாட்டேன்.

ஒரே வயிற்றில் உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிறவள்,
உன் தனம் அக்கா