அளவு தப்பின ஜெல் ஷீட்

அண்ணா,

தழும்புக்கு ஒட்டிக்கச் சொல்லி நீ அனுப்பின ஜெல் ஷீட் வந்தது. தினமும் கழுவி, காயவச்சு ஒட்டினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி, பாதித் தழும்புதான் மூடுது.

உன் வயித்துத் தழும்பை அளந்து வாங்கினியாமே, அண்ணி சொன்னாங்க. கிட்னியை வச்ச தழும்பு உன்னுது, சின்னது. எடுத்த தழும்பு என்னுது, விலாவுல ஒன்றரைச் சாண். ஒரு போன் போட்டு, "எவ்வளவு நீளம்மா?"ன்னு கேட்டிருக்கலாம்.

மறுபடி குடிக்கிறியாம், மாத்திரையை மறக்கிறியாம். அதையும் அண்ணிதான் சொன்னாங்க.

பிரிக்காத மிச்ச ஷீட்டைத் திருப்பி அனுப்புறேன், உனக்குக் கச்சிதமா இருக்கும். மாத்திரையை வேளை தவறாம போடு. உன்மேல அக்கறையில சொல்லலை. உள்ளே இருக்கிறது என்னோடது.

ஒத்தைக் கிட்னியோட,
உன் தங்கச்சி