கேட்டுவிட்டு அழிக்கவும்

பெப்ரவரி 3, திங்கள்

நான் எடுக்கும் கணினி வகுப்பு முடிந்து வாசிகசாலைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஞானசவுந்தரி அக்கா துவாயில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வாசிகசாலைத் தலைவர் அவர்தான். துவாய்க்குள் அவருடைய லப்டொப். நேற்றுப் பின்னேரம் திரை முழுக்கச் சிவப்பாகி, முப்பத்தேழு வைரஸ் இருக்கிறதென்று சைரன் ஊதியதாம். பயந்துபோய் மூடி, சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். திறந்து பார்த்தேன். வைரஸ் ஒன்றும் இல்லை. ஆட்களைப் பயமுறுத்திக் காசு பறிக்கிற விளம்பரம். மூடியதும் போய்விட்டது.

அக்கா போகவில்லை. எங்கள் ஊர் நாரந்தனையில் இப்போது வீட்டுக்கு வீடு லப்டொப், ஆளுக்கொரு அன்ரிவைரஸைச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டார். "நீர் எல்லாத்தையும் போட்டுப் பாத்து, வீட்டுச் சனத்துக்கு எது நல்லதெண்டு ஒரு தாளில எழுதித் தாரும், வதனி."

ஓம் என்றேன். உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. படித்த படிப்புக்கு இப்படி ஒரு வேலை கேட்டு யாரும் வந்ததில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

மொத்தம் நான்கு அன்ரிவைரஸ். பெயர்கள் வாயில் நுழையவில்லை, ஆகவே நிறத்தால் கூப்பிடுகிறேன் — பச்சை, நீலம், செம்மஞ்சள். கணினியோடேயே வருவதற்கு வெள்ளை என்று பெயர். என் பழைய மெசினில் ஒவ்வொன்றாகப் போட்டு, பார்த்து, முற்றாக எடுத்துவிட்டு அடுத்ததைப் போடவேண்டும்.

சிக்னல் குசினி யன்னலில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. அதனால் சோதனைக்கூடம் அங்கேதான், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில். செம்மஞ்சளைப் போட்டபின் மெசின் எழும்ப நான்கு நிமிடம். நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தும் முடித்துவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து நீலம் ஏழாவது தடவையாகக் காசு கட்டச் சொல்கிறது. வெளியே போ.

பெப்ரவரி 15, சனி

சோதனைக்கென்றே ஆக்கிய, தீங்கில்லாத கோப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொன்றிடமும் கொடுத்தேன். நான்கும் பிடித்தன. போலி வங்கிப் பக்கங்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. இருபதில் பச்சை பத்தொன்பதைத் தடுத்தது, வெள்ளை பதினாறு. பச்சை மெசினை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. நான் கை தட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்த என் கணவர் சதீசன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் கலியாண வீட்டிலகூட நான் இப்படிச் சிரிக்கவில்லையாம். கலியாண வீட்டில் எனக்குக் காய்ச்சல் என்பதை அவர் வசதியாக மறந்துவிட்டார்.

பெப்ரவரி 20, வியாழன்

தாளை எழுதுமுன் உண்மையான வீடுகளில் பார்க்கவேண்டும் என்று ஐந்து வீட்டு மெசின்களில் பச்சையைப் போட்டேன். கடைசி வீடு கடற்கரைப் பக்கம், குருசுமுத்து அண்ணையுடையது. மகள் அஞ்சலா வெளிநாடு போகும்போது விட்டுப்போன லப்டொப். கடல்தொழிலுக்குப் போகிறவருக்கு அது எதற்கென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் மனைவி செபஸ்தியம்மா அக்கா பிளேன்டீ தந்தார்.

வயது போனவர்களை "அழிக்கவா, வைத்திருக்கவா" என்று கேள்வி கேட்டுக் குழப்பக் கூடாதல்லவா? அதனால் ஐந்து மெசின்களிலும் கேட்காமலே அழிக்கும்படி வைத்தேன். நல்ல யோசனை.

பெப்ரவரி 26, புதன்

குருசுமுத்து அண்ணை வாசிகசாலைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, லப்டொப்பை என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, எண்ட இடங்களைக் காணேல்லை."

எந்த இடங்கள் என்று கேட்டேன். கடலில் என்றார்.

மீன்படும் பார்கள் என்கிற கடலடித் திட்டுகள், வலை சிக்கும் கல்லுகள் — இருபத்தைந்து வருடமாகக் கண்டுபிடித்த இடங்களின் ஜீபிஎஸ் அளவுகளையெல்லாம் ஒரு கோப்பில் வைத்திருந்திருக்கிறார். வள்ளத்தில் இருந்த பழைய ஜீபிஎஸ் உப்புப் பிடித்து நின்றுபோக, புதியது வாங்கியிருக்கிறார். அளவுகளை அதற்கு மாற்றப் போனால் கோப்பு இல்லை. மாற்றுகிற வேலைக்கென்று மருமகன் அந்தக் கோப்புக்குள் ஒரு சிறு கட்டளை எழுதி வைத்திருந்தார். பச்சை அதைக் கிருமி என்று நினைத்திருக்கிறது.

"நான்தான் எதையோ அமத்திப்போட்டன் போல. இப்ப மறதியும் கூடிப்போச்சு."

பச்சையின் பதிவேட்டைத் திறந்தேன். 21ஆம் தேதி காலை 10.40, தானாகவே அழித்தது. யாரும் எதையும் அமத்தவில்லை. அந்த வரியைப் பார்த்தேன். பிறகு மூடினேன். பாப்பம் அண்ணை என்றேன். இனி மெசினைப் போடவேண்டாம் என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை?

பெப்ரவரி 27, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. கடையில் கண்ட செபஸ்தியம்மா அக்கா, குருசுமுத்து அண்ணை இரண்டு நாளாகத் தொழிலுக்குப் போகவில்லை என்றார். மறதிக்காரன் தனியக் கடலுக்குப் போகக்கூடாது என்று தானே சொல்லிவிட்டு இருக்கிறாராம். சதீசனிடம் சொன்னேன். அவர் என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தார்.

பெப்ரவரி 28, வெள்ளி

விடிய முதல் வேலையாகப் போனேன். மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் வாசல் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டையும் அமத்தேல்லை. கேக்காமல் அழிக்கச் சொல்லி நான்தான் வைச்சனான். முந்தநாள் அதைக் கண்டும் சொல்லேல்லை."

அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மறதி இல்லை?"

"இல்லை அண்ணை."

"செபஸ்தி," என்று உள்ளே கூப்பிட்டார். "கேட்டனியே?" பிறகுதான் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "எண்டாலும் பிள்ளை, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். எனக்கு வாசிக்கத் தெரியும்."

ஓம். கேட்டிருக்கலாம். வரும் வழி முழுக்க என்னை நானே ஏசினேன். கேட்டிருக்கலாமடி, கேட்டிருக்கலாம் — ஆரெண்டு நினைச்சனி உன்னை?

மார்ச் 2, ஞாயிறு

அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், கிடக்கும். லப்டொப்பின் வன்தட்டைக் கழற்றி என் மெசினில் மாட்டித் தேடவிட்டேன். ஆறு மணித்தியாலம். பெயரில்லாத ஆயிரத்து நானூறு கோப்புகள் வந்தன. அட்டவணைக் கோப்புகள் மட்டும் முப்பத்தொன்று. பூசை முடிந்து குருசுமுத்து அண்ணை நேரே இங்கே வந்தார். ஒவ்வொன்றாக அவரே திறந்தார். பத்தொன்பதாவதைத் திறந்ததும் கை நின்றுவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். கடைசி ஒன்பது மட்டும் இல்லை, கோப்பின் நுனி சேதப்பட்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பேனை கேட்டார். ஒன்பதையும், எண்ணெண்ணாக, பத்திரிகை ஓரத்தில் எழுதினார். ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை.

சதீசன் அவரைச் சாப்பிட இருக்கச் சொன்னார். இருந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து வீட்டுக்கும் போய், கேட்டுவிட்டுச் செய்யும்படி மாற்றினேன். என்ன மாற்றுகிறேன் என்பதையும் சொன்னேன். ஒருவரும் குழம்பவில்லை.

மார்ச் 10, திங்கள்

தாளை எழுதி முடித்தேன். போலிப் பக்கங்களைப் பிடிப்பதில் பச்சைதான் கெட்டிக்காரன், அதை மறைக்கவில்லை. காசு கட்ட விருப்பமுள்ளவர்கள் வாங்கலாம். எங்கள் ஊர்ப் பழைய மெசின்களுக்கு, ஒழுங்காகப் புதுப்பித்தால், வெள்ளையே போதும். எதைப் போட்டாலும் "கேட்டுவிட்டு அழிக்கவும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தேவையானதை இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். சைரன் ஊதினால் மூடுங்கள், திரையில் வருகிற இலக்கத்துக்குப் போன் எடுக்காதீர்கள்.

ஞானசவுந்தரி அக்கா வாசித்துவிட்டு, எது முதலாவதென்று இதில் இல்லையே என்றார். இல்லைத்தான். காரணத்தைச் சொன்னேன், முழுவதையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நூறு பிரதி போதுமா என்று கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

இன்று வகுப்புக்கு ஒரு புது ஆள். குருசுமுத்து அண்ணை, தோய்த்த சேட்டு, கையில் பென் டிரைவ். விடியக் கடலிலிருந்து வந்து, மீனை விற்றுவிட்டு வந்திருக்கிறார். தானே பிரதி எடுக்கப் பழகவேண்டுமாம். முதலில் வெறும் கோப்பில் காட்டினேன். இரண்டு தரம் பிழை விட்டார், மூன்றாம் தரம் சரி. பிறகு தன் லப்டொப்பை எடுத்து முன்னால் வைத்தார், ஆனால் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினையாதையும். இது தொழில் விசயம். இடங்களை ஆருக்கும் காட்டுறேல்லை."

மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்றேன். கால் மணித்தியாலம் எடுத்தார். ஒரு தரமும் என்னைக் கூப்பிடவில்லை. நல்ல காற்று.