சாம்பல் நிறத்தில் தெரிந்தது

என் சின்னராசுக் கண்ணுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. நீ ஓட்டிய மஞ்சக்குட்டை ஊர் ஜீப்பை இப்போது உன் மாமாதான் ஓட்டுகிறார். ஏறுகிற சனங்கள் இன்னும் 'சின்னராசு வண்டி' என்றுதான் சொல்கிறார்கள்.

உனக்கு வலது மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் கசிந்தபோது, மலைக்குளிருக்கு வந்த சைனஸ் என்று ஆவி பிடிக்க வைத்தவள் உன் அக்கா நான்தான். அப்படியே ஐந்து மாதம் விட்டோம். கண் பிதுங்கிய பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். சி.டி. படத்தில் மூக்கும் கன்னமும் நெற்றியும் ஒரே அடைப்பாகத் தெரிந்தன. எது கட்டி, எது தேங்கிய சளி என்று பிரித்துப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றார் டாக்டரம்மா.

எடுத்த படத்தை நமக்கும் காட்டினார். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது தேங்கிய நீராம். நடுவே சாம்பல் நிறத்தில் இருந்ததுதான் கட்டி. நீ வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏனுங்க டாக்டர், வெள்ளைதானுங்களே நொம்ப இருக்குது? அது வெறும் தண்ணிதானுங்களே?"

அவர் சாம்பல் நிறம் எலும்பைத் தாண்டி மூளையின் உறைவரை போயிருந்ததை விரலால் காட்டினார். சதைத்துண்டு எடுத்துச் சோதித்ததிலும் புற்றுநோய் என்றே வந்தது.

பஸ்ஸில் மலையேறி வீட்டுக்குள் வந்ததும் கேட்டாய்.

"ஏனக்கா, முன்னாடியே போயிருந்தா இது சின்னதா இருந்திருக்குமில்ல?"

குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும், சாமி?

போன மாதம், என்னோடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் தலைச்சோலை ஊர்ப் பழனியம்மா, இடது மூக்கில் மட்டும் ரத்தம் வருகிறது என்றாள். மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டரம்மா, அதே மெஷின். அவள் கட்டிக்குள் மடிப்பு மடிப்பாக வரிகள் ஓடின. இப்படி இருந்தால் பெரும்பாலும் பாப்பிலோமா என்கிற சாதாரணக் கட்டியாக இருக்கும் என்றார். துண்டெடுத்துப் பார்த்ததிலும் புற்று இல்லை. முழுதாக எடுத்துவிட்டு, மறுபடி வளர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உன் படத்தில் ஏன் அந்த மடிப்புகள் இல்லை என்றுதான் நினைத்தேன். அவள்மேல் கோபம்கூட வந்தது. அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

வரும் புதன்கிழமை அவளுக்கு ஆபரேஷன். துணைக்கு நான்தான் போகிறேன். அவள் கண் திறக்கும்போது முழு மனதோடு சந்தோஷப்படுவேன், கண்ணு. அதற்குள் என் மனதைப் பழக்கிவிடுகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பெரியக்கா